கட்டட ஒருங்கிணைந்த ஒளிமின்-வெப்பச் சேகரிப்பான்

கட்டட ஒருங்கிணைந்த ஒளிமின்-வெப்பச் சேகரிப்பான் என்பது கட்டடத்தின் கூரையாகவோ வெளிச்சுவராகவோ அமைந்து, சூரிய ஒளியிலிருந்து மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே பெற்றுத்தரும் அமைப்பு ஆகும்.

சிலிக்கான் சூரிய மின்கலங்கள் தம்மீது விழும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கையே மின்சாரமாக மாற்றுகின்றன; எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. கலத்தின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் மின்னாக்கம் ஏறத்தாழ 0.4% குறையும். எனவே தகடுகளின் பின்புறம் காற்று அல்லது நீர் செலுத்தப்படுகிறது. அது கலங்களைக் குளிர்விப்பதுடன், பெற்ற வெப்பத்தைக் கட்டடத்தின் பயன்பாட்டிற்கு அளிக்கிறது. ஆயினும் மிகுந்த சூடு வேண்டின் கலமும் சூடாகும் என்பதால் இரண்டையும் உச்ச அளவில் ஒருசேரப் பெற இயலாது.

கனடாவின் மொண்ட்ரியால் நகரில் 2009 இல் திறக்கப்பட்ட, கன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் ஜோன் மொல்சன் வணிகப் பள்ளிக் கட்டடம் இதற்கு எடுத்துக்காட்டாகும். ஏறத்தாழ 300 சதுர மீட்டர் பரப்புள்ள அதன் சேகரிப்பான் சுவர், உச்ச நிலையில் சுமார் 25 கிலோவாட் மின்சாரமும் 75 கிலோவாட் வெப்பமும் தரவல்லது. இவ்வெப்பம், கட்டடத்தினுள் செலுத்தப்படும் புதிய காற்றை முன்கூட்டியே சூடாக்கப் பயன்படுகிறது.