இறுகிப் பிறந்த ஆல்பம்

1989 ஜனவரியில் வந்த ஸ்கிட் ரோவின் முதல் ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஐம்பது லட்சம் பிரதிகளைத் தாண்டியது. நியூ ஜெர்சியில் கிதாரிஸ்ட் டேவ் சாபோவும் பேஸ் வாசித்த ரேச்சல் போலனும் தொடங்கிய குழு அது. சாபோவின் பால்ய நண்பர் ஜான் பான் ஜோவி. அவருடைய குழுவின் சுற்றுப்பயணத்தில் தொடக்கக் குழுவாகப் போனதும் ஸ்கிட் ரோவின் பெயர் நாடெங்கும் பரவியது. நீண்ட கூந்தல், இறுக்கமான உடை, காதலியை நினைத்து உருகும் ஒரு மெதுவான பாட்டு என்று கிளாம் மெட்டலுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. அடுத்ததும் அதே வார்ப்பில் வந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இரண்டாவது ஆல்பமான 'ஸ்லேவ் டு தி கிரைண்ட்'டில் கிதார்கள் கனத்தன, தாளம் வேகம் பிடித்தது, பாடகர் செபாஸ்டியன் பாக்கின் குரலில் இனிமையைவிடச் சீற்றம் மிகுந்தது. தயாரிப்பாளர் மட்டும் மாறவில்லை: மைக்கேல் வாகனர். மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தை மிக்ஸ் செய்த அந்த ஜெர்மானியருக்குக் கனமான ஒலி புதிதல்ல. உறைக்கு ஓவியம் தீட்டியவர் பாக்கின் தந்தை டேவிட் பியர்க். கரவாஜியோ வரைந்த புனித லூசியின் அடக்கக் காட்சிதான் அவருக்கு உந்துதல். பளபளக்கும் முகங்களைப் போட்டு விற்ற ஓர் இசைவகையில் இப்படியொரு இருண்ட உறை வந்ததே எனக்குப் பெரிய துணிச்சலாகப் படுகிறது.

நேரமும் கைகொடுத்தது. அதுவரை பில்போர்டு இதழ் கடைக்காரர்களிடம் கேட்டுத்தான் விற்பனைப் பட்டியலைத் தயாரித்தது. 1991 மே மாதக் கடைசியில் அது பார்கோடு வழியே எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறைக்கு மாறியது. ஜூன் 11 அன்று வெளியான இந்த ஆல்பம் வந்த வேகத்தில் முதலிடத்தில் அமர்ந்தது. புதிய கணக்கில் அப்படி நுழைந்த முதல் ஹெவி மெட்டல் ஆல்பம் இதுவே. முரட்டு இசைக்கு எத்தனை பேர் காசு கொடுக்கிறார்கள் என்பதை இனி யாரும் மறைக்க முடியவில்லை.

செப்டம்பரில் கிரஞ்ச் குழுவான நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' வந்தது. சில மாதங்களில் கிளாம் குழுக்களின் காலம் சரியத் தொடங்கியது. கிரஞ்சைப் பார்த்துப் பயந்துதான் ஸ்கிட் ரோ கடினமானது என்று சொல்பவர்கள் தேதிகளைப் பார்க்க வேண்டும். அவர்களின் மாற்றம் முந்தியது, அதனால்தான் அது போலியாக ஒலிக்கவில்லை. ஆனாலும் இந்த ஆல்பத்தின் அமெரிக்க விற்பனை முதல் ஆல்பத்தின் பாதியைக்கூட எட்டவில்லை. 1992-இல் தங்கள் மேடையில் முதலில் வாசிக்க அவர்கள் அழைத்துச் சென்றது தம்மைவிடக் கனமான பான்டெரா குழுவை. ஸ்கிட் ரோவின் மூன்றாவது ஆல்பம் 1995-இல்தான் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே பான்டெராவின் 'ஃபார் பியாண்ட் டிரிவன்' வெளியான முதல் வாரத்திலேயே அதே பில்போர்டு பட்டியலின் உச்சிக்குப் போயிருந்தது.