மலைநாட்டுத் தேநீர்க் கடைகள்

மனைவி மக்களோடும் நண்பர்களோடும் நகரத்துக்குச் சென்று, கோப்பிக் கடை ஒன்றிலோ உணவுச் சாலை ஒன்றிலோ அமர்ந்து உண்டு பேசி மகிழ்வது இன்று நம்மிற் பலருக்கு மிகச் சாதாரணமான செயல். அதற்கும் ஒரு வரலாறு உண்டென்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சற்றே ஆராய்ந்தால், அந்த எளிய இன்பத்துக்கு நான்கு வசதிகள் வேண்டும் என்பது புலனாகும். கையிலே காசு வேண்டும். ஓய்வாக ஒரு நாள் வேண்டும். தடையின்றிப் போய் வரும் உரிமை வேண்டும். போன இடத்தில், "நீ இங்கே உட்காரலாகாது" என்று சொல்லாத சமுதாயம் வேண்டும். இந்த நான்கும் நமது மத்திய மலைநாட்டுத் தோட்ட மக்களுக்கு எவ்வாறு, எவ்வளவு காலந் தாழ்த்தி வந்து சேர்ந்தன என்பதை நேயர்களோடு இன்று சிந்திக்க விரும்புகிறேன்.

இலங்கையின் மலைகளில் முதலிற் கோலோச்சியது தேயிலையன்று, கோப்பியே. கோப்பிச் செடி இந்நாட்டுக் கிராமத்தாருக்குப் பழக்கமானதுதான். அதன் வெண்மலரை விகாரைகளிற் பூசைக்கு வைத்தனர். இளந்தளிரைக் கறிக்குச் சேர்த்தனர். அதைப் பெருந்தோட்டப் பயிராக்கும் எண்ணம் ஆங்கிலேயருக்கு வந்தது. 1824ஆம் ஆண்டளவில் கம்பளைக்கு அண்மையிலே ஜோர்ஜ் பேர்ட் என்பார் தோட்டம் திறந்தார். தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் தாமே கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டார். 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றிய பின்னர், மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பி விளைச்சல் குன்றியது. இலண்டன் சந்தை இலங்கையை நோக்கித் திரும்பியது. காடுகள் ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் வீதம் விற்கப்பட்டன. காட்டை வெட்டவும் கோப்பி பறிக்கவும் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து நம் முன்னோர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, அடர்ந்த வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை கால்நடையாக நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் அவ்வழியிலே மடிந்தவர் பலர்.

கோப்பி, பருவத்துக்குப் பழுக்கும் பயிர். ஆண்டில் ஒருமுறை பழம் பறிக்கும் வேளையிலேதான் ஆள் மிகுதியாக வேண்டும். ஆகவே அந்நாளில் வந்தவர்களுட் பெரும்பாலோர் ஆடவர். பறிப்பு முடிந்ததும் மிச்சம் பிடித்த காசை மடியிலே முடிந்துகொண்டு ஊர் திரும்பினர். குடும்பமும் இல்லை, குடும்பத்தோடு சென்று அமர நகரமும் இல்லை.

1869ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. அது ஒருவகைப் பூஞ்சண நோய். முதலில் அதை எவரும் பெரிதாக மதிக்கவில்லை. 1870களின் முடிவில் இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரளவுக்குப் பரந்திருந்த கோப்பி, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ அழிந்தே போயிற்று. நல்வேளையாக, அதற்கு முன்னரே, 1867இல், ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873இல் 23 இறாத்தல் இலங்கைத் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. 1883இல் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கியது. 1890களின் முடிவிலோ, தேயிலை மூன்று இலட்சம் ஏக்கருக்கு மேற் பரவி நின்றது.

இந்த மாற்றம் மண்ணின் மாற்றம் மட்டுமன்று. தேயிலை ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. வாரந்தோறும் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும் என்று துரைமார் கண்டனர். எனவே கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் வந்தன. லயன் காம்பராக்களிலே நிலைத்துத் தங்கின. மலையகத் தமிழரின் குடும்ப வாழ்வு இந்தக் கொழுந்தோடு வேர்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

முதலிற் கோப்பியையும் பின்னர்த் தேயிலைப் பெட்டிகளையும் இறக்க வேண்டி இருப்புப் பாதையும் மலையேறியது. 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் புகைவண்டி வந்தது. நிலையம் வந்த இடத்திற் கடைத்தெரு முளைத்தது. அரிசிக் கடை, துணிக் கடை, அடகுக் கடை, அவற்றின் நடுவே புகை மண்டிய தேநீர்க் கடை. ஹட்டன் அவ்வாறு வளர்ந்த ஊர். நுவரெலியாவின் கதை வேறு. அது ஐரோப்பியர் வெயிலுக்கு ஒதுங்கிய குளிர்நகரம். 1876இல் அங்கே தோன்றிய ஹில் கழகத்தில் துரைமார் தேநீர் அருந்தினர். கொழுந்து கொய்தவர்களுக்கு அதன் வாயில் திறந்திருக்கவில்லை.

இந்தக் கொழுந்து கடல் கடந்து என்ன செய்தது என்பதையும் சற்றுப் பார்ப்போம். இலண்டனிலே 1864இல் ஒரு ரொட்டி உற்பத்தி நிறுவனம் தன் முதலாவது தேநீர்ச் சாலையைத் திறந்தது. 1894இல் லயன்ஸ் என்னும் நிறுவனத்தார் பிக்கடிலி வீதியிலே தமது முதற் சாலையைத் திறந்தனர். விரைவில் அந்நகரின் தெருத்தோறும் இத்தகைய சாலைகள் பெருகின. மதுக்கடைக்குச் செல்ல நாணிய பெண்கள், ஆண் துணையின்றி மதிப்போடு சென்று அமரக்கூடிய இடமாக அவை விளங்கின. எழுத்தர்களும் தட்டெழுத்தாளரும் பிள்ளைகளோடு வந்த தாய்மாரும் சில பென்சுகளுக்கு ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு பணிசும் வாங்கி ஆறுதலாக அமர்ந்தனர். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர்கள் கூடிப் பேசவும் அவை உதவின. டிம்புள்ளையிலும் டிக்கோயாவிலும் ஒரு பெண் பறித்த கொழுந்து, இலண்டனில் இன்னொரு பெண்ணுக்கு அமர்வதற்கோர் இடத்தைத் தந்தது. பறித்தவளுக்கு என்ன தந்தது?

முதலில் காசைப் பற்றிச் சொல்லலாம். அக்காலத்திலே சம்பளம் பெரும்பாலும் கங்காணி வழியாகவே வந்தது. அரிசிக்கும் முற்பணத்துக்குமாகக் கழிவு போக எஞ்சியது சொற்பம். அந்த முற்பணக் கடனைச் சுமந்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கடனைத் தீர்ப்பவர் ஆட்களை அழைத்துச் செல்லலாம் என்பது அதன் பொருள். ஆளை விலை பேசுவதற்கொப்பான இந்த முறை 1921இலே சட்டத்தால் தடை செய்யப்பட்டது. 1927இல் குறைந்த கூலிச் சட்டம் வந்தது. எனினும் அச்சட்டத்தின்கீழும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலியே வகுக்கப்பட்டது. இருவருக்கும் சமகூலி என்பது 1984ஆம் ஆண்டிலேதான் கைகூடியது. அதன் பின்னரும் மனைவியின் சம்பளத்தைக் கணவனே வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் நீடித்தது. காலையிற் பெரட்டுக்கு நின்று, மலையேறிக் கூடை நிறைத்தவள், ஒரு தேநீருக்குக் கூடத் தன் கையாற் காசு எடுத்துக் கொடுக்க இயலாதிருந்தாள்.

வீட்டிலே அவள் குடித்ததும் மட்டமான தூளே. நல்ல தேயிலை பெட்டியில் ஏறிக் கப்பலுக்குச் சென்றது. அடுப்பிற் கொதித்தது சாயத் தண்ணீர். பாலில்லை, சீனியையும் கலப்பதில்லை. உள்ளங்கையிற் சிறிது சீனியோ கருப்பட்டித் துண்டோ வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பர். சிக்கனம் கற்பித்த சுவை அது.

அடுத்தது போய் வரும் உரிமை. தோட்டத்துக்குள் அயலார் நுழைந்தால் அத்துமீறல் என்று வழக்குத் தொடுக்கலாம். தொழிலாளரைக் காண விரும்பிய கோ. நடேசய்யர் துணி வியாபாரியைப் போலத் தோட்டத்துக்குள் புக வேண்டியிருந்தது என்பது மலையகம் மறவாத செய்தி. தஞ்சையிலிருந்து வந்த அவர் பத்திரிகையாசிரியர். பின்னர்ச் சட்ட சபை உறுப்பினருமானார். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுக்களை இயற்றிப் பாடி மக்களை விழிப்பித்தார். தோட்டத்திலே கூட்டம் கூட இடமில்லாத மக்களுக்கு நகரமே பொது இடமாயிற்று. ஹட்டன் கடைத்தெருவின் முக்கியத்துவத்தை இங்கேதான் நாம் உணர்கிறோம்.

சம்பளம் வாங்கிய பின்வரும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, பெட்டியிலிருந்த சேலையை எடுத்துடுத்து, பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு, குறுக்குப் பாதையாகப் பல கட்டை நடந்து மக்கள் நகருக்கு வருவர். சாமான் வாங்கி முடிந்ததும் தேநீர்க் கடை. நீண்ட வாங்கிலே எல்லோரும் நெருங்கி அமர்வர். கண்ணாடிப் பெட்டியிலுள்ள வடையைப் பிள்ளை சுட்டிக் காட்டும். தந்தை கணக்குப் பார்ப்பார். தாய், "பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள், எனக்கு வேண்டாம்" என்பாள். பால் விட்டு ஆற்றிய தேநீர் வரும். வேறொரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட மகளும் அங்கே வந்து சேர்வாள். பெண் பார்த்ததும், சமரசம் பேசியதும், சாவுச் செய்தி அறிந்ததும் அக்கடைகளிலேதான். 1930இலே வீரகேசரி தோன்றிய பின்னர், எழுத்தறிந்தவர் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் சூழ்ந்து கேட்டனர். பின்னாளிலே கடையின் வானொலிப் பெட்டி அந்த வேலையையும் பகிர்ந்துகொண்டது.

நான்காவது, அமரும் உரிமை. இது தோட்ட மக்களுக்கு மாத்திரம் உரிய வழக்கன்று. சென்னை மாநகரிலே கோப்பிக் கிளப்புகள் பெருகிய காலத்திற் சாதிக்கொரு பந்தி இருந்தது. தென்னிந்திய இரயில்வே உணவு விடுதிகளில் அந்தணருக்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணியில் உணவு விடுதி ஒன்றின் பெயர்ப்பலகையிலிருந்த சாதிப் பெயரை நீக்கும்படி பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்தனர். அதே 1957இல் இலங்கைப் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தேநீர்க் கடைகளிலும் உணவுச் சாலைகளிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றாயிற்று. யாழ்ப்பாணத்திலே தேநீர்க் கடைப் பிரவேசத்துக்காக நடந்த போராட்டங்களின் பின்னணியில் அச்சட்டத்தை நோக்க வேண்டும். ஒரு குவளைத் தேநீருக்காக மக்கள் அடியுதை பட்டனர் என்பதை இளையோர் அறிந்திருத்தல் நன்று.

இவ்வாறு காசும் ஓய்வும் வழியும் இருக்கையும் சிறிது சிறிதாகக் கிட்டிவந்த வேளையிலே, நாடே இல்லையென்ற நிலை வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் தீர்மானிக்கப்பட்டது. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. தலைமன்னாருக்குச் செல்லும் வண்டியை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். முன்பு சம்பள ஞாயிற்றிலே கூடிச் சிரித்த கடைத்தெருவின் வழியே மூட்டை முடிச்சுகளோடு நடந்து, அவர்கள் அந்த வண்டியில் ஏறினர். வழியனுப்ப வந்தவர்கள் மீண்டும் அதே தெருவால் தோட்டத்துக்கு நடந்தனர்.

2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு குடியுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. 2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபா என்பது நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின் நிறைவேறியது. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோரின் பாதையிலே மீண்டும் நடந்தனர். மலையகத்து இளைஞர் பலர் இன்று கொழும்பின் உணவுச் சாலைகளிலே வேலை செய்கின்றனர். பாட்டி கொழுந்து பறித்தாள். பேரன் அத்தேநீரை மேசைக்குக் கொண்டுவருகிறான். அவன் தன் தாயை அழைத்துவந்து அதே மேசையில் அமர்த்தி உபசரிக்க இயலுகின்றதா என்பது இக்காலத்தின் கேள்வி.

அரசாங்க ஏடுகளிலே ஏற்றுமதி இறாத்தல்களின் கணக்கு உண்டு. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் எந்தக் கடை எங்கே இருந்தது, யார் அங்கே கூடினர், எந்தச் சொல்லைப் பேசிப் பிரிந்தனர் என்ற கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. அது நம் வீட்டு முதியோரின் நினைவிலேயே இருக்கின்றது. அடுத்த முறை அவர்களையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். நல்ல தேயிலையில் ஊற்றிய தேநீர் ஒன்றை வாங்கிக் கொடுத்து, அருகிலமர்ந்து, பொறுமையோடு கேட்டு, சொல்வதை எழுதி வையுங்கள்.