தேனீ என்றொரு பெயர்

எபிரேய மொழியில் 'தெவோரா' என்றால் தேனீ. தமிழ் பைபிள் அதற்குப் பெண்பால் விகுதி கொடுத்து 'தெபொராள்' என்றாக்கிக்கொண்டது. 'சொல்' என்னும் பொருள்தரும் 'தாவார்' என்ற எபிரேயச் சொல்லிலும் இதே மூன்று மெய்யெழுத்துகள்தாம்.

இந்தப் பெயரில் பைபிளில் இருவர். மூத்தவள் ரெபெக்காளின் தாதி. அவளைப் புதைத்த மரத்துக்கு 'அழுகையின் மரம்' என்றே பெயர் வந்தது. ஒரு பணிப்பெண்ணின் பெயரும் கல்லறையும் ஆதியாகமத்தில் பதிவானது சிறிய செய்தியல்ல. இளையவள் ராமாவுக்கும் பெத்தேலுக்கும் இடையே பேரீச்ச மரத்தடியில் அமர்ந்து வழக்குத் தீர்த்தவள், தீர்க்கதரிசி. நியாயாதிபதிகள் நூலில் வரும் அவளுடைய வெற்றிப் பாடலை எபிரேய பைபிளின் மிகப் பழைய பகுதிகளில் ஒன்றாக அறிஞர் பலர் கருதுகின்றனர்.

அவளை 'லபிதோத்தின் மனைவி' என்று படித்துப் பழகியிருக்கிறோம். ஆனால் எபிரேயத்தில் பெண்ணுக்கும் மனைவிக்கும் ஒரே சொல். 'லப்பிதோத்' என்பதற்குத் தீப்பந்தங்கள் என்று பொருள். ஆகவே 'தீப்பந்தங்களின் பெண்' என்றும் அதைப் படிக்கலாம். லபிதோத் என்ற ஆள் வேறெங்கும் வருவதுமில்லை. கணவனாகப் படிப்பதா, நெருப்பாகப் படிப்பதா என்பதை மொழிபெயர்ப்பவர்களே முடிவு செய்தார்கள்.

பெயரும் தப்பவில்லை. தல்மூதின் மெகில்லா பகுதியில், ரவ் நஹ்மான் என்ற ரபி பெண்களுக்கு அகந்தை ஆகாது என்கிறார். சான்றாக அவர் காட்டுவது இரு தீர்க்கதரிசினிகளை: ஒருத்தி பெயர் குளவி, இன்னொருத்தி உல்தாள், அவள் பெயர் மரநாய் போன்றதொரு பிராணி; இரண்டும் வெறுக்கத்தக்க பெயர்களாம். தெபொராள் செய்த குற்றம், படைத்தலைவன் பாராக்கைத் தேடிப் போகாமல் ஆளனுப்பி அழைத்தது. உல்தாள் செய்த குற்றம், அரசனை 'அந்த மனிதன்' என்றது.

நீதிபதி ஆளனுப்பி அழைப்பது வேலை; அதையே பெண் செய்தால் திமிர். தேனீ குளவியானது இந்த இடத்தில்தான் என்று நான் வாசிக்கிறேன். 2007இல் யோர்தான் பள்ளத்தாக்கின் தெல் ரெஹோவில் சுமார் மூவாயிரம் ஆண்டுப் பழமையான தேன்கூடுகள் வரிசை வரிசையாகக் கிடைத்தன. தேனீயை வளர்த்து வாழ்ந்த மண் அது. அங்கே அந்தப் பெயர் வசையாகப் பிறந்திருக்காது.

இதே மெகில்லா பகுதிதான் ஏழு தீர்க்கதரிசினிகளைப் பட்டியலிடுகிறது. அதில் தெபொராளும் உண்டு, உல்தாளும் உண்டு. பழித்தவர்களாலும் அவர்களை அந்தப் பட்டியலிலிருந்து நீக்க முடியவில்லை.