லீற்றுஸ் முதல் லீடோ வரை

கடற்கரைக்கு இலத்தீன் மொழியில் 'லீற்றுஸ்' என்று பெயர். ஆற்றங்கரைக்கு வேறு சொல், அது 'றீப்பா'. (ஆங்கிலத்தில் வந்து சேர்தலைக் குறிக்கும் 'அறைவ்' என்ற சொல் இந்த றீப்பாவின் வழிவந்ததே. கரை தொட்டால்தானே வந்து சேர்ந்ததாகும்!) வீண் முயற்சியை நாம் மணலைக் கயிறாகத் திரிப்பது என்கிறோம். ரோமர் 'லீற்றுஸை உழுவது' என்றார்கள்.

உழுதாலும் பயன் தராத அந்த நிலத்தைப் பற்றி ரோமச் சட்டம் ஆழமாகவே சிந்தித்தது. கி.பி. 533 இல் யுஸ்தீனியன் பேரரசன் வெளியிட்ட சட்டப் பாடநூல், காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியன இயற்கை நியதிப்படி எல்லோருக்கும் பொது என்கிறது. கரை எதுவரை? மாரிகாலப் பேரலை எட்டும் இடம்வரை. அளவுகோலாக அலையையே வைத்துவிட்டார்கள்! எவரும் அங்கே வலை உலர்த்தலாம். ஒதுங்கக் குடிசை போடலாம்.

இத்தாலியரின் நாவில் வல்லொலி மெலிந்து லீற்றுஸ் 'லீடோ' ஆயிற்று. படித்தவர்களின் ஏடுகளில் 'லித்தோரல்' என்ற உரு பிரெஞ்சு, ஸ்பானிய, ஆங்கில மொழிகளுக்கும் போயிற்று. எனக்கோ மீனவர் வாயில் தேய்ந்த லீடோவே பிடிக்கும். வெனிஸ் நகரின் காயலுக்கும் அத்ரியாத்திக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணற்றீவின் பெயரும் அதுவே. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குளியல் நிலையங்கள் எழுந்தன. பின்னர் பெரிய ஹோட்டல்கள் வந்தன. 1932 இல் வெனிஸ் திரைப்பட விழா அவற்றுள் ஒன்றின் மாடத்தில் தொடங்கியபோது, லீடோ என்றாலே கனவான்களின் கரை என்றாகிவிட்டது.

இங்கிலாந்தில் நடந்தது வேடிக்கை. 1930 இல் இலண்டன் ஹைட் பார்க் ஏரியோரத்தில், ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கும் இடமொன்றைத் தொழிற்கட்சி அமைச்சர் ஜோர்ஜ் லான்ஸ்பரி ஏற்படுத்தினார். அது லீடோ எனப்பட்டது. அந்தப் பத்தாண்டில் நகரசபைகள் கட்டிய திறந்தவெளி நீச்சற் குளங்கள் பலவும் அப்பெயரையே சூடிக்கொண்டன. கடலுமில்லை, உப்புமில்லை, ஆயினும் தொழிலாளியின் பிள்ளைக்கு அங்கே இடமிருந்தது. பழைய சட்டத்தின் வாசனை வெனிஸை விட இங்கேதான் அதிகம் வீசியது என்பேன்.

பிறந்த வீட்டில் நிலைமை சிக்கலானது. கடலின் லீடோ அரசின் பொதுச் சொத்து என்று 1942 ஆம் ஆண்டின் இத்தாலியக் குடியியற் சட்டக்கோவை 822ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் அந்தக் கரையில் பெரும் பகுதி உரிமம் பெற்ற குளியல் நிலையங்களின் கையில். வரிசை வரிசையாக வாடகைக் குடைகள், சாய்கதிரைகள். பல நிலையங்களின் பெயர்ப்பலகையிலும் 'லீடோ' என்ற சொல்! இவ்வுரிமங்கள் தாமாகவே நீடிக்கக் கூடாது, வெளிப்படையான தெரிவு வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2024 ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில், தம் உரிமங்களின் கதி என்னாகும் என்று கேட்டு, நிலைய உரிமையாளர் பலர் இரண்டு மணி நேரம் குடைகளை விரிக்காமல் வைத்திருந்தார்கள்.