கிளியின் குரலும் சிறுவனின் குரலும்

பத்திரிகைச் சித்திரத்தொடர்களின் வரலாற்றை எழுதுவோர் தவறாது குறிப்பிடும் நாள் ஒன்றுண்டு: 1896 ஒக்டோபர் 25. அன்று 'நியூயோர்க் ஜேர்னல்' பத்திரிகையின் ஞாயிறு வண்ண அனுபந்தத்தில் ரிச்சர்ட் அவுட்கோல்ட் வரைந்த 'மஞ்சள் சிறுவனும் அவனது புதிய போனோகிராப்பும்' வெளிவந்தது. பேச்சுக்குமிழ்களைக் கொண்டு, தொடர்ந்து வரும் காட்சிகளாகக் கதை சொன்னமையால் அது ஒரு மைல்கல்லாகக் கொள்ளப்படுகின்றது. மைல்கல் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தப் படைப்பை வாசிப்பதை நாம் நிறுத்திவிடுகின்றோம் என்பதே எனது ஆதங்கம். அதனை ஒரு கதையாகவே இங்கு வாசிக்க முனைகின்றேன்.

மஞ்சள் சிறுவனின் பெயர் மிக்கி டூகன். நியூயோர்க்கின் வறிய குடியேறிகள் நெருங்கி வாழும் 'ஹோகன் ஒழுங்கை'யில் திரிபவன். மொட்டைத்தலை, பெரிய காதுகள், கால்வரை தொங்கும் இரவுச்சட்டை. 1895இல் ஜோசப் புலிட்சரின் 'வேர்ல்ட்' பத்திரிகையில் தோன்றினான்; 1896 ஜனவரியில் அவனது சட்டை மஞ்சளாயிற்று. நாளடைவில் அவன் சொல்ல நினைப்பவை அந்தச் சட்டையில் எழுத்துகளாக வரத் தொடங்கின. ஏனையோர் வாயால் பேச, இவன் சட்டையால் பேசினான். சட்டையில் எழுதப்பட்ட பேச்சு விளம்பரப் பலகைக்கு மிக நெருக்கமானது என்பதை மனங்கொள்ள வேண்டும்.

1896 ஒக்டோபரில் போட்டிப் பத்திரிகையான 'ஜேர்னல்' முதலாளி வில்லியம் ஹேர்ஸ்ட் அவுட்கோல்டைத் தம்பக்கம் இழுத்துக்கொண்டார். 'வேர்ல்ட்' விடவில்லை, ஜோர்ஜ் லக்ஸ் என்ற ஓவியரைக் கொண்டு அதே சிறுவனைத் தொடர்ந்து வரையச் செய்தது. ஒரே நகரில் இரண்டு மஞ்சள் சிறுவர்கள்! போனோகிராப் சித்திரம் பிறந்த சூழல் இதுதான்.

அதில் ஐந்து காட்சிகள். சிறுவன் ஒரு போனோகிராப்பைக் காட்டி நிற்கின்றான். அதன் குழலிலிருந்து குமிழ் எழுகின்றது. கருவி பேசத் தொடங்கி, 'ஜேர்னல்' பத்திரிகையின் வண்ண அனுபந்தத்தை வானளாவப் புகழ்கின்றது. அப்படியே மஞ்சள் சிறுவனையும் புகழ்கின்றது. இறுதிக் காட்சியில் குட்டு வெளிப்படுகின்றது. பெட்டிக்குள்ளிருந்து கிளியொன்று வெளியே வருகின்றது. அதுவரை பேசியது கருவியல்ல, பழக்கிய பறவை. வெலவெலத்துப்போன சிறுவன் கருவியை நையாண்டி செய்து, கிளியை வீட்டில் கவனித்துக்கொள்வதாகக் கறுவுகின்றான். அந்தச் சொற்கள் அவனது வாயிலிருந்து எழும் குமிழில் உள்ளன.

இந்த நகைச்சுவையின் கூர்மை எங்கே இருக்கின்றது? புதிய முதலாளியிடம் சேர்ந்த சில நாட்களிலேயே, அந்த முதலாளியின் பத்திரிகைக்கான புகழுரையை அவுட்கோல்ட் கிளியின் வாயில் வைக்கின்றார். கிளி, சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும். அவர் இதனை எள்ளலாகவே எண்ணினார் என்று நான் வாதிடவில்லை; விளம்பரமும் அச்சேறியது, முதலாளிக்கும் நட்டமில்லை. ஆனால் சித்திரத்தின் கட்டமைப்பு தன்பாட்டில் பேசுகின்றது. புகழ்ச்சி இரவற்குரலில் வருகின்றது. அது அம்பலமானதும் வரும் கோபம் மட்டுமே சிறுவனின் சொந்தக் குரலில் வருகின்றது. அதுவும் தெருப்பேச்சின் உச்சரிப்பு சிதையாத எழுத்துக்கூட்டலில். பேச்சுவழக்கை அச்சில் ஏற்றுவதன் வலியறிந்த நமது எழுத்தாளர்களுக்கு இதன் பெறுமதி புரியும்.

பேச்சுக்குமிழ் அவுட்கோல்டின் கண்டுபிடிப்பல்ல. நூறாண்டுகளுக்கு முன்பே கில்ரே போன்ற ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர்கள் அதனைக் கையாண்டுள்ளனர். இங்கு புதியது, குமிழை நீக்கினால் கதையே இல்லை என்ற நிலை. பேசுவது யார் என்பதே கதையின் முடிச்சு.

அந்தக் குரல் நிலைக்கவில்லை. பிஸ்கட்டும் சூயிங்கமும் அவன் பெயரில் விற்றன. இரு பத்திரிகைகளின் பரபரப்புப் போட்டி 1897இல் 'மஞ்சள் பத்திரிகை' என்ற வசைப்பெயரைப் பெற்றது. 1898இன் தொடக்கத்தோடு அவுட்கோல்டின் சிறுவன் 'ஜேர்னல்' பக்கங்களிலிருந்து மறைந்தான். அதே ஆண்டு ஸ்பெயினுடனான போருக்கு அந்தப் பத்திரிகைகள் முரசறைந்தன. வறிய ஒழுங்கையின் பிள்ளை மறக்கப்பட்டு, அவனது சட்டையின் நிறம் மட்டும் அவனை விற்றவர்களின் தொழிலுக்குப் பெயராக எஞ்சியது.