எஃகுச் சட்டக மிதிவண்டி பூட்டுதல்

எஃகுச் சட்டக மிதிவண்டி பூட்டுதல் என்பது, வெற்று எஃகுச் சட்டகம் ஒன்றில் கவை, மிதியச்சு, சக்கரங்கள், தடுப்புகள் முதலிய உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து பொருத்தி, ஓட்டத்தக்க மிதிவண்டியாக ஆக்கும் வேலை ஆகும். தமிழ்நாட்டுக் கடைகளில் இது ஃபிட்டிங் என்றும், இலங்கையில் பூட்டுதல் என்றும் வழங்குகின்றது. இக்கட்டுரை சாலையில் விரைந்து செல்லப் பயன்படும் இலகுவகை மிதிவண்டியைப் பூட்டும் முறையை விளக்குகின்றது. இவ்வேலையில் பெரும்பாலான முடிவுகளைச் சட்டகமே முன்கூட்டி எடுத்துவிடுகின்றது. அதன் அளவுகளை அறியாமல் உறுப்புகளை வாங்கினால் பொருள் வீணாவதுடன், பொருந்தாத மரையால் சட்டகமே கெடவும் கூடும்.

வரலாறு

இன்றைய மிதிவண்டிச் சட்டகத்தின் முன்னோடியாக, 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் மிதிவண்டி கருதப்படுகின்றது. 1897இல் ஆல்பிரட் ரெனால்ட்ஸ், முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் அமைந்த எஃகுக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வெப்பத்தால் வலுக்குறையும் மூட்டுப் பகுதியில் தடிப்பும், மற்ற இடத்தில் எடைக்குறைவும் இதனால் கிடைத்தன. 1935இல் வெளிவந்த ரெனால்ட்ஸ் 531 என்னும் மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாய் பல பத்தாண்டுகள் பந்தய மிதிவண்டிகளில் பயன்பட்டது.

ரெனால்ட்ஸ் நிறுவனம் 1928இல் பிரித்தானியாவின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் இணைந்தது. அதே குழுமத்தின் கூட்டுடன் முருகப்பா குடும்பத்தார் 1949இல் டி. ஐ. சைக்கிள்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் ஆலை சென்னையை அடுத்த அம்பத்தூரில் அமைந்தது. 1955இல் ஆவடியில் எஃகுக் குழாய் ஆலையும் தொடங்கப்பட்டது. அம்பத்தூரில் ஆக்கப்பட்ட ஹெர்குலிஸ், பி. எஸ். ஏ. வண்டிகள் தமிழ்நாட்டில் பரவலாகப் புழங்கின.

இந்தியாவில் மிதிவண்டிகள் நெடுங்காலமாக உறுப்புகளாகவே கடைக்கு வந்து, அங்குள்ள தொழிலாளரால் பூட்டப்பட்டு வந்துள்ளன. தமிழ்நாடு அரசு மாணவர்க்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகளும் பள்ளி வளாகங்களில் இவ்வாறே பூட்டப்படுகின்றன. எனவே இவ்வேலைக்கு வேண்டிய கைத்திறன் சிற்றூர்க் கடைகளிலும் உண்டு. ஆனால் கடைக்கு வரும் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு ஆலையிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவை. வெற்றுச் சட்டகத்திலிருந்து தொடங்குபவர் அத்தேர்வைத் தாமே செய்ய வேண்டும்.

சட்டகத்தில் அளக்க வேண்டியவை

மிதியச்சுக் கூடு

மிதியச்சு செல்லும் குறுக்குக் குழாயின் அகலமும் மரையும் நாட்டுக்கு நாடு வேறுபட்டன. பழைய சட்டகங்களில் பின்வரும் மூன்றும் மிகுதியாகக் காணப்படுகின்றன.

- ஆங்கில முறை: அகலம் 68 மி.மீ.; விட்டம் 1.37 அங்குலம்; அங்குலத்துக்கு 24 மரை; வலப்பக்கம் இடமரை, இடப்பக்கம் வலமரை.
- இத்தாலிய முறை: அகலம் 70 மி.மீ.; விட்டம் 36 மி.மீ.; அங்குலத்துக்கு 24 மரை; இருபுறமும் வலமரை.
- பிரெஞ்சு முறை: அகலம் 68 மி.மீ.; விட்டம் 35 மி.மீ.; மரை இடைவெளி 1 மி.மீ.; இருபுறமும் வலமரை.

ஆங்கில முறை பி. எஸ். ஏ. மரை என்றும் அழைக்கப்படும். அம்பத்தூர் வண்டியின் பெயரைப் போலவே இதுவும் பர்மிங்காம் சிறு ஆயுத நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. மிதிக்கும்போது தாங்கியின் மீதான சுமை சுற்றி வருவதால், வலப்பக்கக் கிண்ணம் (கப்) சிறிது சிறிதாகத் திரும்ப முயல்கின்றது. இடமரையாக இருப்பின் அத்திருப்பம் கிண்ணத்தை இறுக்கும். வலமரையாக இருப்பின் தளர்த்தும். இடப்பக்க மிதி (பெடல்) இடமரை கொண்டிருப்பதற்கும் இதுவே காரணம். மரையின் திசையறியாது வலிந்து திருகினால் கூட்டின் மரை அழிந்துவிடும்.

பின் அச்சு இடைவெளி

பின்சக்கரம் அமரும் இரு பிளவுகளுக்கு இடையிலான தொலைவு, பழைய ஐந்து பற்சக்கர வண்டிகளில் 120 மி.மீ., ஆறு அல்லது ஏழு பற்சக்கர வண்டிகளில் 126 மி.மீ., எட்டும் அதற்கு மேலும் கொண்ட சாலை வண்டிகளில் 130 மி.மீ. ஆகும். எஃகு வளைந்தபின் புதிய வடிவில் நிற்கும் தன்மையுடையது. ஆதலால் 126 மி.மீ. சட்டகத்தைப் பக்கத்துக்கு 2 மி.மீ. விரித்து 130 மி.மீ. ஆக்கலாம். விரித்தபின் இரு பிளவுகளும் இணையாக உள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும். அலுமினிய, கரிமநார்ச் சட்டகங்களை இவ்வாறு விரிக்கலாகாது.

சக்கரமும் தடுப்பும்

இந்தியப் பாரவகை மிதிவண்டியின் 28 × 1½ அங்குலச் சக்கரத்தில் டயர் அமரும் விட்டம் 635 மி.மீ.; பழைய சாலை வண்டிகளின் 27 அங்குலச் சக்கரத்தில் 630 மி.மீ.; 700சி சக்கரத்தில் 622 மி.மீ. ஆகும். 27 அங்குலச் சக்கரத்துக்கென ஆக்கிய சட்டகத்தில் 700சி சக்கரத்தைப் பொருத்தினால், தடுப்புக் கட்டை 4 மி.மீ. கீழே எட்ட வேண்டும். எட்டாவிடில் கட்டை டயரில் உராய்ந்து அதை அறுத்துவிடும். கம்பித் தடுப்பு கொண்ட பாரவகை வண்டியின் வளையத்தில் (ரிம்) தட்டையான பக்கச் சுவர் இல்லாததால், பக்கவாட்டில் கவ்வும் தடுப்பு அதற்குப் பொருந்தாது.

இருக்கைத் தண்டு

ஒரே வெளிவிட்டம் கொண்ட குழாய்களும் தடிப்பில் வேறுபடுவதால் உள்விட்டம் மாறும். இலகுவகை 531 சட்டகங்களில் 27.2 மி.மீ. தண்டு வழக்கமானது. தடித்த குழாய்களுக்கு அதனினும் சிறிய தண்டு வேண்டும். 0.2 மி.மீ. குறைந்தாலும் தண்டு வழுக்கும், மிகுந்தால் உட்செல்லாது.

முன் ஆய்வு

பழைய சட்டகமாயின், தலைக்குழாய்க்குப் பின்னால் மேற்குழாயின் (பார்), கீழ்க்குழாயின் அடிப்பகுதியை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கு மடிப்போ, குறுக்கே விரிந்த வண்ணமோ இருப்பின் வண்டி முன்புறம் மோதியிருக்கலாம். தலைக்குழாயிலிருந்து பின் பிளவுகள் இரண்டுக்கும் நூல் இழுத்து, நூலுக்கும் இருக்கைக் குழாய்க்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒத்துள்ளதா என்று பார்த்தால் கோணல் தெரியும். கவையில் (ஃபோர்க்) விரிசல் இருப்பின் அதனைப் பயன்படுத்தலாகாது. ஓட்டத்தில் கவை முறிந்தால் ஓட்டுநர் தலைகுப்புற விழ நேரும்.

கடலோரப் பகுதிகளில் துருக்காப்பு

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில் உள்ள பூவம் போன்ற காவிரிப் படுகையின் கரையோர ஊர்களில், எஃகுச் சட்டகத்தின் ஆயுளைப் பெரும்பாலும் உப்புக்காற்றே முடிவு செய்கின்றது. வெளியில் தெரியும் துருவை விடக் குழாய்களின் உள்ளே பரவும் துரு ஊறு மிக்கது. இருக்கைக் குழாய் வழியாக இறங்கும் மழைநீர் மிதியச்சுக் கூட்டில் தேங்கும்.

உறுப்புகளைப் பூட்டிய பின் குழாய்களின் உட்புறத்தை எட்ட இயலாது. எனவே சட்டகம் வெற்றாக இருக்கும்போதே உள்ளே எண்ணெய் ஊற்றி, எல்லாப் பக்கமும் சாய்த்துப் பரவச் செய்து, மிகுதியை வடித்துவிட வேண்டும். கூட்டின் அடியில் வடிதுளை இருப்பின் அது அடைபடாதிருக்க வேண்டும். அலுமினியத் தண்டும் எஃகுக் குழாயும் உப்புநீர் முன்னிலையில் மின்வேதி அரிப்புக்கு உள்ளாகி ஒன்றோடொன்று இறுகிவிடும். கிரீஸ் பூசிச் செருகி, சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மீண்டும் பூசினால் இதனைத் தவிர்க்கலாம்.

இப்பகுதி சமவெளியாதலால் பல பற்சக்கரங்கள் இன்றியமையாதவை அல்ல. 42 பல் முன்சக்கரமும் 17 பல் பின்சக்கரமும் 700சி சக்கரத்துடன் ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறத்தாழ 5.2 மீட்டர் கொண்டு செல்லும். பல்மாற்றியும் அதன் கம்பிகளும் இல்லாவிடில் துருப்பிடிக்கும் உறுப்புகளும் குறையும்.

பூட்டும் வரிசை

1. மரைகளைத் துடைத்து, தலைக்குழாயின் கிண்ணங்களைச் சாயாமல் நேராக அழுத்தி, கவையைப் பொருத்துதல். கவை தடையின்றித் திரும்ப வேண்டும், முன்பின் ஆடலாகாது.
2. மிதியச்சைப் பொருத்துதல். கிண்ணமும் குண்டும் கொண்ட வகையில் பக்கத்துக்கு ¼ அங்குலக் குண்டுகள் (பால்ரஸ்) 11 அமையும். சதுர முனை அச்சாயின் மிதித்தண்டின் (கிராங்கு) திருகை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும்.
3. சக்கரங்களுக்குக் கோட்டம் எடுத்தல். போக்ஸ் கம்பிகளின் இறுக்கத்தைத் திருத்தி, வளையத்தின் பக்க ஆட்டத்தை அரை மி.மீ. அளவுக்குள் கொணர்தல்.
4. கைப்பிடித் தண்டையும் இருக்கைத் தண்டையும் செருகுதல். இரண்டிலும் பொறித்துள்ள குறைந்த அளவுக் கோடு குழாய்க்குள் மறைய வேண்டும்.
5. தடுப்புகளையும் அவற்றின் கம்பிகளையும் பொருத்துதல்.
6. சங்கிலி (செயின்) இடுதல். பல்மாற்றி உள்ள வண்டியில், பெரிய முன்சக்கரத்தையும் பெரிய பின்சக்கரத்தையும் சுற்றி, பல்மாற்றியில் நுழைக்காமல் அளந்து, அந்நீளத்துடன் ஓர் அங்குலம் சேர்த்தல்.

ஓடவிடுமுன் தடுப்புகளை முழு வலுவுடன் பிடித்துப் பார்க்க வேண்டும். புதிய கம்பி இழுபடுவதாலும் போக்ஸ் கம்பிகள் அமர்வதாலும், முதல் 100 கிலோமீட்டருக்குள் தடுப்பு, சக்கரம், மிதித்தண்டுத் திருகு ஆகியவற்றை மீண்டும் சரிபார்த்தல் தேவையாகும்.

இவற்றையும் பார்க்க

- மிதிவண்டி
- திருகுமரை
- மின்வேதி அரிப்பு
- காரைக்கால் மாவட்டம்