பெண்கள் காற்பந்தும் பயிற்றிய ஆசான்களும்

ஒரு நாட்டில் புதிய ஸ்தாபனம் ஒன்று தோன்றுங்கால், அதற்குப் பொருளுதவியவர் யார், கட்டிடம் எழுப்பியவர் யார் என்று வினவுவோர் பலர். அங்கே கற்பிக்க வந்தவர் யார், அவரை எம்முறையில் தெரிந்தெடுத்தனர் என்று வினவுவோர் சிலரே. ஆயினும் ஸ்தாபனத்தின் பிற்காலம் பெரிதும் இரண்டாவது வினாவின் விடையையே பொறுத்திருக்கின்றது. அமெரிக்கக் கலாசாலைகளில் பெண்களுக்கெனக் காற்பந்தணிகள் ஏற்பட்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். பந்தாட்டக் கதைதானே என்று நேயர்கள் இதனைப் புறக்கணித்தல் ஆகாது. ஏட்டில் எழுதப்பட்ட பெண்ணுரிமை எவர் கைவழியாக மைதானத்தை அடைந்தது என்பதையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1972 ஜூன் 23ஆம் நாள் ஒரு கல்விச் சட்டம் நிறைவேறியது. அரசாங்கப் பணம் பெறும் எக்கல்விச்சாலையும் பால்வேற்றுமை காரணமாக ஒருவரையும் விலக்கலாகாது என்பது அதன் ஒன்பதாம் தலைப்பின் சாரம். இதற்காகப் பாடுபட்டோருள் முதன்மையானவர் ஹவாய்த் தீவினரான பாட்ஸி மிங்க் அம்மையார். அவருடைய பாட்டனார்கள் ஜப்பானிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் பிழைக்க வந்தவர்கள். அம்மையார் வளர்ந்ததும் தோட்டச் சூழலிலேயே. வைத்தியம் கற்க விரும்பிய அவருக்கு வைத்தியக் கல்லூரிகள் இடமளிக்க மறுத்தன. பின்னர் அவர் சட்டம் பயின்று, 1964இல் காங்கிரஸ் சபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். 2002இல் அவர் மறைந்த பின் இச்சட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. தோட்டத்து லயங்களில் பெண் மகவைப் பெற்றெடுத்த தாய் தந்தையர் இவ்வரலாற்றை நெஞ்சில் இருத்துதல் நன்று.

சட்டத்தின் மூலவாசகத்தில் விளையாட்டு என்னும் சொல்லே இல்லை. 1975இல் வகுத்த விதிகளே கலாசாலைகளை மைதானத்தின் பக்கமும் திரும்பச் செய்தன. வட கரோலைனா சர்வகலாசாலையில் தாமாகவே கூடி ஆடிவந்த மாணவியர், தங்கள் குழுவைக் கலாசாலையின் முறையான அணியாக ஏற்குமாறு வேண்டினர். 1979இல் அவ்வேண்டுகோள் நிறைவேறிற்று. அவர்களுக்கு ஆசானாக அமர்ந்தவர், ஆண்கள் அணியை ஏற்கெனவே பயிற்றி வந்த ஆன்சன் டோரன்ஸ் என்பவர். இவர் 1951இல் பம்பாயிற் பிறந்தவர். தந்தையாரின் எண்ணெய்க் கம்பெனி உத்தியோகம் காரணமாகச் சிங்கப்பூர் முதலிய பல இடங்களில் வளர்ந்தவர். 1988 வரை இரண்டு அணிகளும் இவ்வொருவர் பொறுப்பிலேயே இருந்தன. இவருடன் பில் பல்லடினோ என்பவர் துணைப் பயிற்சியாளராகப் பல பத்தாண்டுகள் உழைத்தார்.

அவருடைய முறை யாது? அதே கலாசாலையில் கூடைப்பந்து பயிற்றிய டீன் ஸ்மித்தின் வழக்கத்தைப் பின்பற்றி, பயிற்சியின் ஒவ்வொரு போட்டியையும் கணக்கில் ஏற்றினார். ஓட்டம், தலைமுட்டு, ஒருவருக்கொருவர் எதிர்நின்று ஆடுதல் ஆகிய யாவற்றுக்கும் எண் உண்டு. தோட்டத்தில் செக்ரோல் எழுதுவதுபோல் நாள்தோறும் எழுதி, ஆட்டக்காரிகளின் வரிசையை அனைவரும் காணுமாறு பலகையில் ஒட்டினர். பெண்கள் போட்டியிட அஞ்சுவர் என்னும் பழங்கொள்கை அப்பலகையின் முன் பொடியாயிற்று. 1981இல் நிகழ்ந்த பெண்கள் கலாசாலைச் சங்கத்தின் போட்டியிலும், 1982இல் தொடங்கிய தேசியக் கலாசாலைச் சங்கத்தின் முதற் போட்டியிலும் அவ்வணியே வென்றது. 2024இல் அவர் விலகியபோது வெற்றிக் கிண்ணங்கள் 22 ஆகியிருந்தன. 1991இல் சீனாவில் நடந்த பெண்களின் முதல் உலகக் கிண்ணத்தை அமெரிக்கா வென்றபோதும் அவரே பயிற்சியாளர். அணித்தலைவி அவர் மாணவியாகிய ஏப்ரல் ஹைன்ரிக்ஸ்.

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். 1972க்கு முன் கலாசாலைப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றினர். அவர்களுட் பலர் தேகப்பயிற்சி ஆசிரியைகள். அப்பணிக்கெனத் தனிச் சம்பளம் பெறாதவர்கள். சட்டம் வந்தது, சம்பளம் வந்தது, ஆடவரும் வந்தனர். ஆண் பெண் விளையாட்டுப் பகுதிகள் ஒன்றாக்கப்பட்டபோது தலைமை பெரும்பாலும் ஆடவரையே சேர்ந்தது. நாளடைவில் பெண் பயிற்சியாளரின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிற்று. உழைப்புக்கு ஊதியம் இல்லாத காலத்தில் பெண்ணுக்குரியதாயிருந்த வேலை, ஊதியம் வந்த பின் கைமாறிய விந்தையை என்னென்பது!

அதிகாரத்தைப் பற்றிய பாடமும் ஒன்று உண்டு. டோரன்ஸ் மாணவியரின் அந்தரங்க வாழ்வைப் பற்றித் தகாதவாறு பேசினார் என்று 1998இல் அவ்வணியில் முன்பு ஆடிய இருவர் வழக்குத் தொடுத்தனர். தாம் எவரையும் துன்புறுத்தவில்லை என்று அவர் மறுத்தார். வழக்குகளில் ஒன்று 2004இலும் மற்றொன்று 2008இலும் சமாதானமாக முடிந்தன. பின்னதில் சர்வகலாசாலை 385,000 டாலர் கொடுக்க இசைந்தது. அவரும் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டார். பெண்ணே பயிற்சியாளராயின் தவறே நேராது என்பதன்று நமது வாதம். கிண்ணங்களின் எண்ணிக்கை, மாணவி வாய்திறந்து கூறும் குறைக்குப் பதிலாகாது என்பதே நாம் வற்புறுத்துவது.

பெண்ணிடம் பொறுப்பை ஒப்புவித்த இடத்தில் விளைந்தது யாது? ஃபுளோரிடா சர்வகலாசாலை 1995இல் புதிதாக அணி தொடங்கியபோது, பெக்கி பர்லி என்னும் இளம் பெண்ணைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது. அதற்கு முன் அவர் ஜார்ஜியாவிலுள்ள பெர்ரி கல்லூரி என்னும் சிறிய கல்லூரியின் அணிக்குத் தேசிய வெற்றி தேடித் தந்தவர். புதிய அணியின் நான்காம் ஆண்டாகிய 1998இல், வலிமை மிக்க வட கரோலைனாவையே இறுதியாட்டத்தில் 1-0 என்று வீழ்த்தினார். அத்தேசியப் போட்டியின் முதற்பிரிவில் கிண்ணம் வென்ற முதற் பெண் பயிற்சியாளர் அவரே. முற்கூறிய ஏப்ரல் ஹைன்ரிக்ஸும் 2000இல் அமெரிக்க நாட்டணியின் பயிற்சியாளராகி, 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வெல்வித்தார். நேற்றைய மாணவி இன்றைய ஆசானாயினள்.

தொடக்கத்தில் நூறுக்கும் குறைவாயிருந்த கலாசாலைப் பெண்கள் காற்பந்தணிகள் பின்னர் ஆயிரத்தை மிஞ்சின. பெருக்கத்தைச் சட்டம் தந்தது. சிறப்பை ஆசான்கள் தந்தனர். ஆதலின் நம்மூர்ப் பள்ளியிலோ, தோட்டத்திலோ, சங்கத்திலோ பெண்களுக்கென ஓர் அணி அமைக்கப் புகுவோர் பந்தும் சீருடையும் வாங்கியதோடு மனநிறைவு கொள்ளலாகாது. பயிற்றுபவர் யார், அவருக்குத் துணை யார், பெண் பயிற்சியாளருக்கு உரிய ஊதியம் உண்டா, சிறுமி தன் குறையை அச்சமின்றிச் சொல்ல இடமுண்டா என்னும் நான்கு வினாக்களையும் முதற் கூட்டத்திலேயே எழுப்புதல் வேண்டும். விடை கிடைத்த பின் பந்தை உருட்டுவோமாக.